ஓடைக்கு எண்ணெய்க் குளியல்

பொறாமையைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. அவள் எங்கள் பள்ளிக்கு வந்த முதல் வாரமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஏன் எரிந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வாசித்துவிட்டு அவளைப் பற்றி நீங்கள் நல்லபடியாகத்தான் நினைக்கப் போகிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் தொந்தரவே அதுதான்.

எங்களுடையது செடெனாக் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னத் தமிழ்ப்பள்ளி. தோட்டத்துக்குள் இப்போது நம்மாட்கள் அதிகம் இல்லை. பிள்ளைகள் கூலாய் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். நான் அங்கே அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றுச்சூழல் கழகமும் என் தலையில்தான். குடித்துப் போட்ட பால் பெட்டிகளைக் கழுவிச் சேர்ப்பது, வீடுகளிலிருந்து பழைய சமையல் எண்ணெய் வாங்கி வைப்பது, கழிவறைக் குழாயை மூடச் சொல்லிக் கத்துவது எல்லாம் நான்தான். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் 'குழாய் டீச்சர்'. என் முன்னால் சொல்ல மாட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்வார்கள், எனக்கு நன்றாகவே கேட்கும்.

பிள்ளைப்பேற்று விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக அவள் வந்தாள். பெக்கான் நானாஸ்காரி. என்னைவிட வயதில் நிறைய இளையவள். மூன்றாம் ஆண்டு வகுப்புக்குத் தமிழ் கொடுத்தார்கள். வந்த கையோடு பிள்ளைகள் அவளுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள், 'கதை டீச்சர்' என்று. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தி நான் வாங்கிய பெயர் குழாய். வந்து சரியாகப் பசியாறக்கூட இல்லை, அவளுக்குக் கதை. இதில் எங்கே நியாயம்?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் ஒரே மகள் அந்த மூன்றாம் ஆண்டில் இருந்தாள். அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. தினமும் இருட்டோடு கிளம்பி எல்லையைத் தாண்டிப்போய் இருட்டோடு வருகிறவர். வீட்டில் பெரும்பாலும் நானும் மகளும்தான். பள்ளியில் அவளுக்கு நான் டீச்சர், வீட்டில் அம்மா. இரண்டு இடத்திலும் நான் சொல்வது அவள் காதில் ஏறாது. பல் துலக்கும்போது குழாய் அது பாட்டுக்கு ஓடும். 'மூடுடி' என்பேன். 'ம்' என்பாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆற்றுத் தண்ணீரை எப்படிச் சுத்தம் பண்ணி நம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று படம் வரைந்து காட்டினேன். தண்ணீர் வெட்டு வந்தபோது லாரிக்கு முன்னால் வாளியோடு கால் கடுக்க நின்றோமே, மறந்துவிட்டாயா என்று கேட்டேன். "மறக்கலம்மா" என்றாள். மறக்காமலேதான் திறந்துவிட்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. தண்ணிய சும்மா ஓட விட்டா கடைசி அக்காவுக்கு முடி கொட்டும்."

"எந்த அக்காவுக்கு?"

"கன்னிமார்ல கடைசி அக்காவுக்கு. டீச்சர் சொன்னாங்க."

டீச்சர் சொன்னாங்களாம்! பெற்றவளும் டீச்சர்தான், அவள் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று? வாயோரத்தில் பற்பசை வழிய அவள் எனக்கு அந்தக் கதையைச் சொன்னாள். நான் கேட்காத மாதிரி துணி மடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன்.

ஒரு காலத்தில் ஏழு அக்கா தங்கச்சிகள் இருந்தார்கள். மழையே பெய்யாத ஊரில் பிறந்தவர்கள். ஊர் தாகத்தில் சாகப் போகிறது என்றதும் ஆளுக்கு ஒன்றாக மாறினார்கள். ஒருத்தி மலையானாள், ஒருத்தி மேகமானாள், ஒருத்தி காடானாள். கடைக்குட்டிக்கு மட்டும் என்னவாக மாறுவது என்று தெரியவில்லை. அவளிடம் இருந்தது நீளமான கூந்தல் ஒன்றுதான். பள்ளத்தில் படுத்துக் கூந்தலை அவிழ்த்துவிட்டாள். அதுதான் ஓடை. வேண்டிய அளவு மொண்டால் அவளுக்கு வலிக்காது. வீணாக ஊற்றினால் ஒவ்வொரு தரமும் ஒரு முடி கழன்று விழும். அந்த ஊரில் ஒரு பணக்கார வீடு இருந்தது, முற்றம் கழுவவே நாளெல்லாம் தண்ணீர் இறைக்கிற வீடு.

"அப்புறம்?" என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"மிச்சத்த நாளைக்குத்தான் சொல்வாங்க" என்றாள் மகள், நான் கேட்காமலேயே.

இதை ஒட்டுக்கேட்பது என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. நான் காதை வீட்டிலா கழற்றி வைத்துவிட்டு வர முடியும்? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை எழுத வைத்துவிட்டுத் தடுப்போரம் நின்றுகொள்வேன். அவளுக்கு உரத்த குரல் கிடையாது. தாழ்த்தித்தான் பேசுவாள், பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். என் வகுப்பில் அப்படி ஓர் அமைதி வரவேண்டுமானால் நான் மேசையை உடைக்க வேண்டும். முக்கியமான இடம் வரும்போது சரியாக மணி அடிக்கும். அவள் நிறுத்திவிடுவாள். பிள்ளைகள் "அய்யோ டீச்சர்!" என்று கத்துவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கும் அதே ஆத்திரம்தான். ஒரு முறை பணக்காரன் வீட்டுக் கிணறு வற்றுகிற இடத்தில் நிறுத்தினாள், மறுநாள் பொது விடுமுறை. அன்றைக்கு முழுவதும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. வீட்டுக்காரரிடம் ஒரு காரணமும் இல்லாமல் சண்டை பிடித்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஓடை விஷயம்.

பள்ளிக்குப் பின்வேலியைத் தாண்டினால் செம்பனை மரங்களுக்குள்ளிருந்து ஒரு சின்ன ஓடை வருகிறது. முழங்கால் நனையாத ஓடை. பானப் போத்தல், மிட்டாய்க் காகிதம், யாரோ வீசிய மோட்டார்சைக்கிள் சக்கரம் என்று கிடக்கும். அதைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் எத்தனை தடவை போய் நின்றிருப்பேன்! "பாப்போம் டீச்சர், பாப்போம்" என்பார். பார்க்கவேயில்லை.

கதை டீச்சர் ஒரு நாள் வகுப்பில், "கடைசி அக்கா எங்க படுத்திருக்காங்க தெரியுமா? நம்ம ஸ்கூலு பின்னாலதான்" என்று சொன்னாள். அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து செய்கிற துப்புரவு. பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வந்த அப்பா அம்மாக்கள் வந்தார்கள், "பாப்போம்" என்றவரும் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கடைசி அக்காவின் கூந்தலில் சிக்கு எடுக்கிறார்களாம். நான் கரையில் குப்பைப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டீச்சர், கொஞ்சம் இங்க, கொஞ்சம் அங்க" என்று ஆளாளுக்கு என்னை விரட்டினார்கள். திங்கட்கிழமை சபைகூடலில் தலைமையாசிரியர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திப் பாராட்டினார். "கதைக்கு எவ்ளோ சக்தி பாருங்க!" என்றார். என் மகள் கை தட்டிய வேகத்தைப் பார்த்தேன். அந்தக் கைகள் எனக்காக ஒரு தடவை அப்படித் தட்டியிருந்தால் நான் ஏன் இதையெல்லாம் எழுதப் போகிறேன்?

எனக்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான். பதவி வேண்டாம், பாராட்டு வேண்டாம். நான் பேசும்போது என் மகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சரி, கதைதானே, நமக்கு வராதா என்று நானும் இறங்கினேன். மூன்றாம் ஆண்டுக்கு அறிவியலும் நான்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இன்னைக்கி டீச்சரு ஒரு கத சொல்லப் போறேன்" என்றேன். பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். என் மகளும் நிமிர்ந்தாள். "ஒரு ஊர்ல ஒரு நீர்த்துளி இருந்துச்சு. வெயில் பட்டதும் அது ஆவியாச்சு. மேல போயி குளிர்ந்து மேகமாச்சு" என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, இது கதை இல்லை, பாடம்தான் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது என்று. நீர்த்துளிக்கு என்ன வேண்டும், யாரிடம் கோபம், எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முன்வரிசைப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது. "டீச்சர், இது சோதனையில வருமா?"

"வரும்" என்றேன். எல்லாரும் பென்சிலை எடுத்தார்கள். என் மகள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக அவள் கூச்சப்படுகிறாள் என்று புரிந்தது. அன்றைக்குப் பசியாறும் நேரத்தில் கேண்டீனில் கதை டீச்சர் என் பக்கத்தில் நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, "அக்கா, நீங்க இன்னைக்கி கத சொன்னீங்களாமே, புள்ளைங்க சொன்னாங்க" என்று சிரித்தாள். கள்ளமில்லாத சிரிப்புத்தான். அதனால்தான் இன்னும் எரிந்தது. கெட்டவளாக இருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெயில் காலம் வந்தது. மழை நின்று போனது, ஓடை மெலிந்துவிட்டது. ஓட்டம் குறைந்து, வளைவில் ஒரு குட்டைதான் மிச்சம். அந்தக் குட்டையோரம் ஒரு வெள்ளிக்கிழமை நான் முதலில் பார்த்தது, கல்லின் மேல் மஞ்சளும் குங்குமமும் வைத்த எலுமிச்சம்பழம். அடுத்த வெள்ளி கண்ணாடி வளையல்கள். பிறகு சீப்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும், எல்லாம் ஏழு ஏழாக. கன்னிமாருக்கு எதை வைத்தாலும் ஏழாக வைப்பதுதானே நம் வழக்கம். பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். பக்கத்து மரத்தில் யார் வீட்டு அம்மாவோ மஞ்சள் துணியும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

'பார்த்தாயா, குப்பையை எடுக்கச் சொன்னால் புதுக் குப்பை வருகிறது' என்று எனக்குள் ஒரு சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை. முற்றட்டும் என்று விட்டுவைத்தேன். அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக் குளியலறையில் ஷாம்பு வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. தேங்காய் எண்ணெய்ப் போத்தலும் அப்படியே. வீட்டுக்காரரைத்தான் திட்டினேன். "எனக்கு ஏதுடி முடி?" என்று அவர் வழுக்கையைத் தடவிக் காட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பசியாறும் நேரம். வேலிப் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டுப் போனேன். மூன்றாம் ஆண்டு முழுக்கக் குட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஆளுக்கு ஒரு சின்ன போத்தல், சிலர் கையில் ஷாம்புப் பொட்டலம். நடுவில் என் மகள், முழங்கால்வரை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள். கையில் என் தேங்காய் எண்ணெய்ப் போத்தல். அதைக் குட்டையில் ஊற்றி, உள்ளங்கையால் தண்ணீரைப் பதமாகத் தடவிக்கொண்டிருந்தாள். எண்ணெய் ஊற்றியாயிற்று, அடுத்து ஷாம்பு. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கையால் அடித்துக் கலக்கினார்கள். நுரை பொங்கிக் கரையேறியது.

"ஏய்! என்ன பண்றீங்க?"

மற்றப் பிள்ளைகள் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். என் மகள்தான் பதில் சொன்னாள், எனக்கே பாடம் நடத்துகிற தோரணையில். "வெள்ளிக்கெழம டீச்சர். எண்ண தேச்சு தல முழுகணும்ல. கடைசி அக்காவுக்கு முடி ரொம்ப கொட்டிப்போச்சு, பாருங்க எவ்ளோ கொறஞ்சிருக்கு. அதான் நாங்க எல்லா வெள்ளிக்கெழமையும் குளிப்பாட்டி விடுறோம்."

அவள் கணுக்காலுக்குப் பக்கத்தில் குஞ்சு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒன்றிரண்டு இல்லை. நுரைக்குள் அங்கங்கே ஒதுங்கிக் கிடந்தன. நான் கையை நீட்டிக் காட்டியதும் அவள் குனிந்து பார்த்தாள். பிறகு போத்தலைக் கரையில் போட்டுவிட்டு ஓடினாள். என்னைத் தாண்டித்தான் ஓடினாள். கதை டீச்சரிடம்.

கதை டீச்சர் வந்து குட்டையைப் பார்த்துவிட்டு, "அலமாக்!" என்று வாயில் கைவைத்துக்கொண்டாள். பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். என்ன நடந்தது, கடைசி அக்காவுக்கு என்ன ஆயிற்று, அடுத்து என்ன, எல்லாவற்றையும் அவள்தானே சொல்ல வேண்டும்? அவளுக்கு ஒன்றும் வரவில்லை. "கிளாசுக்குப் போங்கடா, போங்க" என்று மட்டும் சொன்னாள். என் மகள் அவள் சேலையைப் பிடித்து, "டீச்சர், அக்கா செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். அவள் சேலையை விடுவித்துக்கொண்டு வகுப்புப் பக்கம் கையைக் காட்டினாள்.

பிள்ளைகள் போன பிறகு கதை டீச்சர் என்னிடம் வந்து அழுதாள். "அக்கா, நானா ஊத்தச் சொன்னேன்? முடின்னு ஒரு பேச்சுக்குத்தானே சொன்னேன். இதுங்க இப்படிப் பண்ணும்னு யாருக்குத் தெரியும்? இப்ப நான் என்ன சொல்றது?" என்றாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். முகத்தில் வருத்தம் காட்டினேன். உள்ளே இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது?

வீட்டுக்கு வந்தும் மகள் சாப்பிடவில்லை. சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நாந்தான் எல்லாரையும் ஊத்தச் சொன்னேன். அக்கா செத்துட்டாங்களாம்மா?"

'அங்கே அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை. அது வெறும் ஓடை. உன் டீச்சர் விட்டது கதை.' சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஒரே பேச்சில் கதை டீச்சர் காலி. ஆனால் அந்தப் பிள்ளை கேள்வியை என்னிடம் கேட்டிருந்தாள். சேலையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் கேட்டுப் பதில் கிடைக்காமல், திரும்பி என்னிடம் வந்திருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் நான் கேட்டது இதைத்தானே? இதை ஒரே பேச்சில் தீர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.

"சாகல. மூச்சு முட்டுது. எந்திரி, காட்டறேன்" என்றேன்.

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவினேன். தூள் மேலேயே மிதந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு சொட்டை விரலில் தொட்டு நடுவில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். தூள் எல்லாம் அலறியடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா ஓடுது?"

தண்ணீரின் மேல் தோல் மாதிரி ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதன் மேல்தான் ஓடைப் பூச்சி எல்லாம் நடக்கிறது, சோப்பு பட்டால் அது விட்டுப்போகும் என்று சொன்னேன். மீனுக்கு மூச்சு செவுளில், ஷாம்பு அந்தச் செவுளை அரித்துவிடும் என்று சொன்னேன். எண்ணெய் மேலே படர்ந்தால் காற்று உள்ளே இறங்காது என்பதையும் இன்னொரு தட்டில் எண்ணெய் ஊற்றிக் காட்டினேன். அவள் விடவில்லை. தவளைக்கும் அப்படியா? ஓடை நிறையத் தண்ணீர் இருந்திருந்தால் தப்பியிருக்குமா? நுரை தானாகப் போகுமா? மீன் திரும்பி வருமா? "யாரும் ஊத்தாம இருக்கணும். மழ பெய்யணும். அப்ப மேலருந்து புதுத் தண்ணி வரும், கொஞ்சம் கொஞ்சமா மீனும் வரும்" என்றேன். அடுப்பில் சோறு குழைந்துபோனது. போகட்டும் என்று விட்டேன். இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு யாரும் கண்டுகொள்ளாத சங்கதி எல்லாம் அந்தத் தரையில் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கப்பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியில் அவள் பெருமூச்சு விட்டு எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது. "நல்லதும்மா. டீச்சரு பாவம் லா, அவங்களுக்கு இது எதுவுமே தெரியல. திங்கக்கெழம எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

மிளகுத் தட்டைக் கழுவக் கொண்டுபோனேன். கழுவின கழுவில் தட்டு தேய்ந்திருக்கும். நான் சொன்னதையும் அள்ளிக்கொண்டுபோய் அவளிடமே கொடுக்கப் போகிறாள்!

திங்கட்கிழமை தமிழ்ப் பாட வேளையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கதை டீச்சரின் குரல் கேட்கவில்லை. என் மகளின் குரல் கேட்டது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, அந்த வகுப்பின் வாசலோரம் நின்றேன். மகள் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். கதை டீச்சர் பின்வரிசையில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசி அக்காவுக்கு மூச்சு முட்டிச்சு. ஏன்னு யாருக்கும் தெரியல. மலை அக்காவுக்குத் தெரியல, மேக அக்காவுக்குத் தெரியல. அப்ப மூத்த அக்கா வந்தாங்க. இந்த மூத்த அக்கா எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருப்பாங்க. அத மூடு, இத மூடுன்னு. அதனால யாரும் அவங்க பேச்சக் கேக்க மாட்டாங்க. ஆனா அவங்களுக்கு மட்டுந்தான் தெரியும், தண்ணிக்குத் தோலு இருக்கு, மீனுக்குச் செவுள் இருக்கு, சோப்பு போட்டா எல்லாம் போயிடும்னு."

பிள்ளைகள் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். 'குழாய் டீச்சர், குழாய் டீச்சர்' என்று பின்பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு. எனக்குக் காது சூடானது. இன்றைக்கு வீட்டுக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்தேன்.

அந்த முன்வரிசைப் பிள்ளை கையைத் தூக்கியது. "அந்த அக்கா ஏன் எப்பவும் கத்துறாங்க?"

என் மகள் கொஞ்சம் யோசித்தாள்.

"அவங்களுக்கு யாருமே கத சொன்னதில்ல" என்றாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திகைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவள் தூங்கப் போகும்போது கதை கேட்டு நச்சரிப்பாள். "எனக்கு யாருடி சொன்னா, நான் உனக்குச் சொல்றதுக்கு? படு" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். என் அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவும் பகலுமாக மாற்றுவேளை வேலை, வந்ததும் படுத்துவிடுவார்கள். அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. நான் எரிந்து விழுந்ததை இவள் வைத்திருந்திருக்கிறாள். யாரிடமும் காட்டாமல் இத்தனை நாள் வைத்திருந்து, என்மேல் கோபப்படுவதற்குப் பதில் எனக்காக ஒரு காரணம் சொல்கிறாள்.

கதை டீச்சர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து, "வாங்கக்கா, உள்ள வாங்க" என்றாள்.

"என்ன சத்தம் இங்க?" என்று அதட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. அதட்டிவிட்டு என் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு யாரும் ஓடைக்கு எதையும் ஊற்றவில்லை. சீப்பையும் கண்ணாடியையும் பிள்ளைகளே பொறுக்கி எடுத்தார்கள். மழை தாமதமாக வந்தது, வந்தபோது நன்றாகவே பெய்தது. குட்டை நிரம்பி ஓடியது, மீன் குஞ்சுகளும் தென்பட்டன. தலைமையாசிரியர் சபைகூடலில், கதை வழியாக அறிவியலையும் ஊட்டிவிட்டார்கள் என்று மறுபடியும் அவளைத்தான் கூப்பிட்டுப் பாராட்டினார். அவள் என்னைக் கைகாட்டினாள். எனக்கும் கொஞ்சம் தட்டினார்கள், மிச்சம் மீதி மாதிரி. விடுப்பில் போன ஆசிரியை திரும்பி வந்த பிறகும் அவளை எங்கள் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

மழை பிடித்த அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா?"

"மூத்த அக்கா சின்னப்புள்ளயா இருந்தப்ப" என்று அவள் ஆரம்பித்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவள் காதில் வாங்கவில்லை. மூத்த அக்காவின் வீட்டில் எல்லாரும் சீக்கிரமே தூங்கிவிடுவார்களாம். ஒரு நாள் அவள் மட்டும் முழித்திருந்தாளாம். வெளியே ஏதோ சத்தம் கேட்டதாம். மகள் குரலைத் தாழ்த்தினாள். உள்ளங்கையை விரித்து முகத்துக்கு முன்னால் மெல்ல நகர்த்தினாள். அந்தக் கையசைவு கதை டீச்சருடையது. குரலைத் தாழ்த்தியதும் அவளிடம் கற்றதுதான். முக்கியமான இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய வேலைதான். எல்லாம் அவளுடையது. எனக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

"அப்புறம்?" என்றேன்.